வீடு பார்க்கிறீர்களா? முதலில் தெருவைப் பாருங்கள்... உஷார்!

சென்னையில் வாடகை வீடு காட்டும் புரோக்கர்களுக்குப் பிடித்த நேரம், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. அந்த நேரத்தில் எந்தத் தெருவும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். விடிகாலையில் குப்பையைக் கூட்டிக் கொளுத்திய புகை கலைந்திருக்கும். ஸ்கூல் வேன் கிடையாது. பக்கத்துப் பட்டறைக்கு லீவு. நாமும் உள்ளே நுழைந்து வாசல் கிழக்கு பார்த்திருக்கிறதா, பாத்ரூம் டைல்ஸ் எப்படி, பைக் நிறுத்த இடம் உண்டா என்று பார்த்துவிட்டு, டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். ஈசான மூலையில் என்ன இருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்கிறவர்கள்கூட, பக்கத்துக் காலிமனையில் தினமும் என்ன எரிகிறது என்று கேட்பதில்லை.

கேட்டே ஆகவேண்டும். வாடகை என்னவோ நாலு சுவருக்குத்தான். ஆனால் உங்கள் நுரையீரலும் தூக்கமும் அந்தத் தெருவை நம்பித்தான் இருக்கப்போகின்றன.

காலிமனைக் குப்பையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வெறும் சருகு மட்டும் எரிந்தால் பாதி கவலைதான். பால் கவர், பிஸ்கட் கவர், பழைய ஒயர், உடைந்த பிவிசி பைப் எல்லாம் சேர்ந்துதான் எரிகின்றன. பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சு கிளம்பும். அது போதாதென்று பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு என்பதால், மூக்கு தடுக்காது, தொண்டை தடுக்காது, நேரே நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவு 40. எட்டு மடங்கு சலுகை! மார்கழிக் காலையில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்துகிடக்கும்போது, கொளுத்திய புகை மேலே போகவே வழியில்லாமல் முதல் மாடி ஜன்னலுக்குள் நுழைகிறது. குழந்தைக்கு ராத்திரியெல்லாம் இருமல், மாதம் ஒருமுறை நெபுலைசர் என்று அலைகிற வீடுகளில் ஐஸ்கிரீமைத் திட்டுவதற்கு முன்னால், காலை ஆறு மணிக்கு மொட்டைமாடி ஏறி நாலாபக்கமும் ஒருமுறை பாருங்கள்.

காசு இருப்பவர்கள் தப்பிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக்கிடங்கு பற்றிக்கொண்டு நாட்கணக்கில் புகைந்தது. சுற்றுவட்டாரத்தில் லோன் போட்டு பிளாட் வாங்கியவர்களும் அதே புகையைத்தான் குடித்தார்கள்.

அடுத்தது தண்ணீர். புறநகரில் பாதாளச் சாக்கடை வராத பகுதிகளில் ஒவ்வொரு மனைக்கும் ஒரு செப்டிக் டேங்க், ஒரு போர்வெல். நம் போருக்கும் நம் டேங்குக்கும் உள்ள தூரத்தை ஹவுஸ் ஓனர் பெருமையாகக் காட்டுவார். மதிலுக்கு அந்தப்பக்கம், பக்கத்து வீட்டு டேங்க் எங்கே இருக்கிறது? நம் போருக்கு ஆறடி தள்ளிக்கூட இருக்கலாம். குறைந்தது ஐம்பது அடியாவது இடைவெளி வேண்டும் என்பார்கள். அரை கிரவுண்டு மனைகளில் அதற்கு எங்கே போவது?

“காய்ச்சித்தானே குடிக்கிறோம்” என்பவர்கள் இன்னும் உஷார். காய்ச்சினால் கிருமி சாகும், செப்டிக் டேங்க் கழிவிலிருந்து நிலத்தடி நீரில் கலக்கும் நைட்ரேட் என்ற ரசாயனம் போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். நைட்ரேட் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அளவுக்கு மீறிய நைட்ரேட் உள்ள நீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. நிறமோ வாசனையோ இல்லாததால் கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பரிசோதித்துவிடுங்கள். கட்டணம் ஒரு மாத மெயின்டனன்ஸைவிடப் பெரிதாக இருக்காது.

டெங்கு பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒன்றே ஒன்று. ஏடிஸ் கொசு பெரும்பாலும் நூறு இருநூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. ஆக, உங்களைப் பகலில் கடிக்கிற கொசு உங்கள் தெருக்காரர்தான். பாதியில் நிற்கிற அபார்ட்மென்ட் கட்டடம் பக்கத்தில் இருந்தால், அதன் லிஃப்ட் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்.

சத்தம்? இதற்கு நாம் உடம்பைப் பழக்கிக்கொண்டதாக நினைக்கிறோம். காது பழகலாம், இதயம் பழகாது. தூக்கத்தில் ஒவ்வொரு ஹாரனுக்கும் ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. நாம் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டு வந்த விதி. ஆடியில் வீடு பார்த்து ஆவணியில் பால் காய்ச்சுவது நம் வழக்கம். ஆடியில் கல்யாண மண்டபம் பூட்டிக் கிடக்கும். நீங்கள் நல்ல முகூர்த்தம் பார்த்துக் குடியேறும் அதே விடியலில்தான், சுவருக்கு அப்பால் நாலரை மணிக்கு மைக் செட் கட்டுவார்கள். நல்ல நாள் எல்லோருக்கும் நல்ல நாள்தானே!

புகை, தண்ணீர், சத்தம் மூன்றையும் எப்படியாவது அளந்துவிடலாம். கருவியில் சிக்காத இன்னொன்று இருக்கிறது. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் அனல் வீசி எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் என்று ஒட்டியிருக்கும் இரண்டு பேட்டைகள். அதே வெயில், அதே ஏழ்மை, தனியாக வசிக்கும் முதியவர்களும் ஏறக்குறைய அதே அளவு. ஆனால் மரண விகிதம் ஒன்றில் லட்சத்துக்கு 40, மற்றதில் 4. எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர் இரண்டிலும் சுற்றி ஆராய்ந்தார். அதிகம் பேர் இறந்த இடத்தில் கடைகள் மூடி, மனைகள் வெறிச்சோடி, பயத்தில் கிழவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். மற்றதில் கடைவீதியும் நடமாட்டமும் இருந்தன. வெளியே வரவும் ஒதுங்கவும் இடம் இருந்தது. அப்பா அம்மாவைக் கேட்டட் கம்யூனிட்டியில் குடிவைத்துவிட்டு வெளிநாடு போகிறவர்கள், கேட்டுக்கு வெளியே நடந்துபோகிற தூரத்தில் ஒரு மளிகைக் கடையாவது இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஆப்பில் வரும் பால் பாக்கெட், “என்னம்மா, ரெண்டு நாளா காணோமே?” என்று கேட்காது.

ஏற்கெனவே குடியிருந்தாகிவிட்டது, மாற முடியாது என்பவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. திறந்தவெளியில் குப்பை கொளுத்தினால் 5,000 ரூபாய், மொத்தமாகக் கொளுத்தினால் 25,000 ரூபாய் அபராதம் என்று 2016-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டிருக்கிறது. சென்னையில் 1913-க்கு அடித்துப் புகார் எண் வாங்குங்கள். தனியாளாகப் பண்ணினால் “அந்த வீட்டுக்காரர் ஒரு மாதிரி” என்பார்கள். தெருவில் நாலு பேர் சேர்ந்து பண்ணுங்கள்.

ஆனால் இந்த உஷாரெல்லாம் செல்லாத இடங்களும் உண்டு. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து மீனவர்களின் வலையும் படகும் கறுத்தன. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, உர ஆலைக்குக் கடலடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இவர்கள் புரோக்கர் காட்டி வந்தவர்கள் கிடையாது. ஆலைகளுக்கு முன்பிருந்தே கடலை நம்பி அங்கே இருப்பவர்கள். தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் குழாயில் எது ஓடுகிறது, கசிந்தால் எந்தத் திசையில் ஓட வேண்டும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யார் வந்து எழுப்புவார்கள் என்பதை இவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது ஆலைகளும் அரசும்தான்.