முடவாட்டுக்கால் பெரணி

ஆலங்குளம் முதலிய வறண்ட கிராமங்களில் பெரணி என்றவுடன், கேணிச் சுவரின் ஈரப் பொந்துகளில் தழைக்கும் சிறு செடியே குடியானவர்களின் நினைவுக்கு வரும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலோ, பாறையையும் மரக்கிளையையும் பற்றி வளரும் பெரும் பெரணி ஒன்று உண்டு. கொல்லிமலையிலும் மிகுதியாகக் காணப்படும் இதனை முடவாட்டுக்கால் என்பர். இதன் தண்டு தடித்து, பழுப்பு நிறச் செதில்கள் மூடி, மயிர் அடர்ந்த ஆட்டுக்காலைப் போன்றிருக்கும். கிழங்கு என்ற பெயரால் சந்தையில் விற்கப்படுவது இத்தண்டே. மூட்டு வலிக்கு நல்லதென்று கருதி மக்கள் இதனை ரசமாகக் காய்ச்சி அருந்துகின்றனர்.

இலைகள் இருவகை

இச்செடிக்கு மண் வேண்டுவதில்லை. தனக்கு வேண்டிய எருவைத் தானே சேர்த்துக்கொள்ளும். தண்டை ஒட்டி, காம்பில்லாத அகன்ற இலைகள் கிண்ணம்போல் நிற்கும். இவை விரைவில் பழுத்துக் காய்ந்தாலும் உதிர்வதில்லை. மேலிருந்து விழும் சருகும் தூசியும் இவற்றுள் தங்கி மக்கி உரமாகும். மழைநீரின் ஈரமும் அங்கே நிலைக்கும். வேர்கள் அவ்வுரத்தினுள் பரவி உணவு கொள்ளும். மற்றொரு வகை இலைகள் நீண்டு, ஆழமாகப் பிளவுபட்டுப் பச்சையாயிருக்கும். கோடையில் இவற்றின் மடல்கள் உதிர்ந்து, நடு ஈர்க்குகளே எஞ்சி நிற்கும். செடி பட்டுவிட்டதென எண்ணலாகாது; மழை கண்டவுடன் தண்டின் நுனியிலிருந்து புதிய இலைகள் சுருள் விரியும்.

இது புல்லுருவி போன்றதன்று. மரத்தை இருப்பிடமாகக் கொள்ளுமேயன்றி அதன் சாற்றை உறிஞ்சாது.

இனம் பெருகும் விதம்

பெரணிக்குப் பூவும் காயும் இல்லை. பச்சை இலையின் அடிப்புறத்தில் வரிசையாகக் காணும் சிறு புள்ளிகளிலிருந்து நுண்ணிய தூள் வெளிப்பட்டுக் காற்றில் பரவும். அது ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் விழுந்தால் முளைத்து, நகக்கண் அளவேயான பச்சைத் தகடாகும். அத்தகட்டில் உண்டாகும் ஆண் அணு, நீரில் நீந்திச் சென்று பெண் அணுவைச் சேர்ந்த பின்னரே இளம் பெரணி தோன்றும். இவ்வழியில் ஒரு பெருஞ்செடி உருவாகப் பல ஆண்டுகள் செல்லும்.

தண்டோ ஊர்ந்து, கிளைத்துப் பரவுவது. வளரும் நுனியுடன் ஒரு பகுதி எஞ்சினாலும் செடி மீளும். முழுவதையும் பெயர்த்துவிட்டால் அப்பாறை நெடுங்காலம் வெறுமையாகவே கிடக்கும். தேவை மிகுந்துவரும் இந்நாளில் கவனிக்க வேண்டியது இதுவே. மேலும் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடுகள் 1988-ஆம் ஆண்டில் சாம்பல்நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டவை. அங்கே அனுமதியின்றிச் செடி எடுப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றமாகும்.

தோட்டத்தில் வளர்த்தல்

விரும்புவோர் தத்தம் தோட்டங்களிலேயே இதனை வளர்க்கலாம். மலையடிவாரத்து மாந்தோப்புகளின் முதிர்ந்த மரங்கள் இதற்கு ஏற்றவை. நாற்றங்காலிலோ, ஏற்கெனவே வளர்ப்போரிடமோ, வளரும் நுனியுடன் கூடிய அரைச்சாண் நீளத் தண்டுகளைப் பெறுக. ஐப்பசி மழை தொடங்கியதும், சொரசொரப்பான பட்டையுள்ள கவையில் தேங்காய் நாரும் இலைமக்கும் வைத்து, அதன்மேல் தண்டைக் கிடத்திக் கயிற்றால் தளரக் கட்டுக. தண்டை மூடிப் புதைத்தால் அழுகும். வேர் பற்றும் வரை மழையில்லா நாட்களில் நீர் தெளித்துவருக. தோப்பில்லாதோர் செங்கல் துண்டு, கரித்துண்டு, இலைமக்கு நிரப்பிய கூடையில் வைத்து நிழலில் தொங்கவிடலாம்.

செடி நன்கு படர்ந்த பிறகு பின்பகுதியை மட்டும் அறுத்து, நுனிகளை விட்டுவைக்க வேண்டும். அவ்வாறு செய்பவர்க்கு ஒரே செடி பல்லாண்டு பயன் தரும். மலையிலுள்ள செடிகளும் பிழைக்கும்.