ஒளி தின்ற சிவப்பு

அரூப ஓவியத்தின் முன் நின்று, 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்டுவிட்டு நகர்வோர் பலர். அதில் மரமில்லை, முகமில்லை. வண்ணங்கள் எழுப்பும் ஒரு சூழல் மட்டுமே உண்டு. ஒளியின்றி அச்சூழல் இல்லை. ஆனால், அதே ஒளி அதனை அழிக்கவும் கூடும். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அதுதான் நேர்ந்தது.

அப்பல்கலைக்கழகத்துக்காக மார்க் ராத்கோ (1903-1970) தீட்டிய மாபெரும் ஓவியங்களில் ஐந்து, 1964-இல் ஹோலியோக் மையத்தின் மேல்தள உணவுக்கூடத்தில் நிறுவப்பட்டன. அடர்ந்த கருஞ்சிவப்பே அவற்றின் உயிர். கூடத்துக்குப் பெரிய சாளரங்கள். வெயிலை மறைக்கத் திரைச்சீலைகளும் இருந்தன. உணவருந்த வந்தோர் வெளிக்காட்சியை விரும்பியதால் திரைகள் பெரும்பாலும் திறந்தே கிடந்தன. எல்லோருக்கும் பொதுவானதைக் காப்பது எவர் பொறுப்புமன்று என்றாகிவிடுவதைப் பொருளியல் வகுப்பில் மேய்ச்சல் நிலத்தைக் காட்டி விளக்குவோம். இந்த உணவுக்கூடமும் அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டுதான்.

பழி முழுவதும் திரைகளுக்குரியதன்று. ராத்கோ கையாண்ட 'லித்தால் சிவப்பு' என்னும் செயற்கை நிறமி ஒளி படப்பட வெளிறக்கூடியது. அதனோடு கலந்திருந்த நீலமோ தாங்கி நின்றது. ஆகவே, கருஞ்சிவப்பு மெல்ல வெளிர்நீலமாகத் திரிந்தது; அதுவும் இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில். 1979-இல் ஓவியங்கள் அகற்றப்பட்டு, கிடங்கில் வைக்கப்பட்டன.

மீண்டும் வண்ணம் பூசியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால், இவ்வோவியங்களின்மேல் காப்புப் பூச்சாக வார்னிஷ் கிடையாது. புதிதாகப் பூசுவது பழைய வண்ணத்தோடு ஒன்றிவிடும். பின்னர் பிரிக்க இயலாது.

2014-இல் ஹார்வர்டின் ஓவியப் பாதுகாப்பு வல்லுநர்கள் ஒளியையே மருந்தாக்கினர். 1964-ஆம் ஆண்டு வண்ண நிழற்படங்களும் மங்கியிருந்தன. அவற்றின் நிறத்தை முதலில் கணினி வழியே மீட்டனர். சுவரில் மாட்டப்படாததால் வெளிறாதிருந்த ஆறாவது ஓவியமும் துணை நின்றது. ஓவியத்தின் ஒவ்வொரு புள்ளியும் இழந்த நிறத்தைக் கணக்கிட்டு, குறைந்ததை மட்டும் புரொஜெக்டர் மூலம் வண்ண ஒளியாகப் பாய்ச்சினர். தூரிகை துணியைத் தொடவே இல்லை. ஆயினும் கருஞ்சிவப்பு திரும்பியது.

அது ராத்கோவின் ஓவியமா, ஒளியின் வித்தையா என்ற விவாதம் எழுவது இயல்பே. மன்னரின் உருவப்படத்தில் சிவப்பு மங்கினாலும் மன்னர் மன்னராகவே இருப்பார். அரூப ஓவியத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நிறம் மாறினால் ஓவியமே மாறிவிடுகிறது. எனவே, இம்முயற்சியை நான் வரவேற்கிறேன். அதில் நேர்மையும் இருந்தது. கண்காட்சி நடந்த நாள்களில் மாலை 4 மணிக்குப் புரொஜெக்டர்களை அணைத்து, அந்த ஐந்து ஓவியங்களும் இன்று உண்மையில் எந்நிலையில் இருக்கின்றன என்பதையும் பார்வையாளர்களுக்குக் காட்டினார்கள்.