காக்கையையும் எழுதுங்க

போன மாதம் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கியபோது என்னுடைய பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. பறவை பார்க்க ஆரம்பித்த புதுசில் ஊர் ஏரிக்கரையில் சுற்றிய காலத்தில் எழுதியது. ஏழு வருடக் குறிப்புகள். கூழைக்கடா வந்த நாள், பாம்புத்தாரா சிறகு விரித்துக் காய்ந்த நாள், ஒரே ஒரு தடவை பார்த்த விராலடிப்பான் எல்லாம் ஆச்சரியக்குறியோடு இருக்கிறது. காக்கை? ஒரு பக்கத்தில்கூட இல்லை. மைனா இல்லை. பனங்காடை இரண்டே இரண்டு இடத்தில்.

இந்தப் பனங்காடைதான் இப்போது என் தலைவலி. ஏரியிலிருந்து ஊருக்குள் வரும் சாலையில் கரண்ட் கம்பி மேல் அது எப்பவும் உட்கார்ந்திருக்கும் என்பது என் ஞாபகம். இப்போ நாலு தடவை போனால் ஒரு தடவை கண்ணில் படுகிறது. குறைந்துவிட்டதா? மனசு ஆமாம் என்கிறது. நோட்டைக் கேட்டால் வாயே திறக்க மாட்டேன் என்கிறது. அதில் இருப்பது இரண்டு நாட்கள். மற்ற நாட்களில் பனங்காடை இல்லையா, இல்லை, இருந்தும் "அட, இதுதானே" என்று நான் எழுதாமல் விட்டேனா? அதைச் சொல்ல இப்போது ஒரு வழியும் கிடையாது.

மக்கள் அறிவியல் என்று நாம் சொல்கிற வேலையின் அடிப்படையே இந்த இடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கிய இபேர்ட் தளத்தில் யார் வேண்டுமானாலும் பறவைப் பட்டியல் போடலாம். பட்டியலை அனுப்பும் முன் அது ஒரு கேள்வி கேட்கும்: உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? நிறைய பேர் யோசிக்காமல் தட்டிவிட்டுப் போகும் கேள்வி இது. ஆனால் விஷயமே இதில்தான்.

ஏன்னு பார்ப்போம். ஒரு மாவட்டத்தில் ஒரு வருடம் 100 முழுப் பட்டியல்கள் வந்தன, அதில் 40-ல் பனங்காடை இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடம் கழித்து 1,000 பட்டியல்கள் வருகின்றன, 200-ல் இருக்கிறது. வெறும் பதிவுகளை எண்ணினால் பனங்காடை ஐந்து மடங்கு கூடிவிட்டது மாதிரி தோன்றும். கூடியது பார்க்கிற ஆட்கள்தான். விகிதத்தைப் பார்த்தால் 40 சதவீதம் 20 ஆகியிருக்கிறது. இந்தக் கணக்குப் போட "பார்த்தேன்" மட்டும் போதாது, "பார்த்திருப்பேன், ஆனால் இல்லை" என்பதும் வேண்டும். எல்லாவற்றையும் எழுதியவரின் பட்டியலில்தான் எழுதாத பெயருக்கும் அர்த்தம் வருகிறது. (ஒருவர் எவ்வளவு நேரம் பார்த்தார், பட்டியல் எவ்வளவு நீளம் என்பதையும் ஆய்வாளர்கள் கணக்கில் எடுப்பார்கள். இங்கே எளிமைப்படுத்திச் சொல்கிறேன்.)

2023-ல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை இப்படித்தான் 942 இனங்களை மதிப்பிட்டது. அடிப்படை, 30,000-க்கும் மேற்பட்ட சாதாரண ஆட்கள் அனுப்பிய சுமார் 3 கோடிப் பதிவுகள். மயிலும் குயிலும் கூடியிருக்கின்றன. பனங்காடை 30 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது, அதன் பாதுகாப்பு நிலையை மறுபடி மதிப்பிட வேண்டும் என்கிறது அறிக்கை. என் மனசு சொன்னது சரிதான் போல. ஆனால் அதை நிரூபித்தது என் நோட்டு இல்லை, வேறு யாரோ சலிக்காமல் எழுதி வைத்த பட்டியல்கள்.

சிட்டுக்குருவி விஷயமும் இப்படியே. செல்போன் டவரால் அழிந்துவிட்டது என்று படமே எடுத்துவிட்டோம். 2020 அறிக்கையோ நாடு முழுக்கப் பார்த்தால் அதன் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை, பெருநகரங்களில்தான் குறைகிறது என்றது. ஊர்ப்பக்கம் இருக்கிறவர்கள் "இங்கதான் நிறைய இருக்கே" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். எழுதி வைக்காததால் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

சாதாரணப் பறவையை எண்ணி வைப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களிடம் நான் பாறுகளின் கதையைச் சொல்வேன். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லும் பறவை. எண்பதுகளில் வட இந்தியாவில் வெண்முதுகுப் பாறு காக்கை மாதிரிதான், எங்கே பார்த்தாலும் இருக்கும். ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் விபு பிரகாஷ் அவற்றை எண்பதுகளின் நடுவிலேயே எண்ணி வைத்திருந்தார். தொண்ணூறுகளில் மறுபடி எண்ணியபோது பெரும்பகுதியைக் காணவில்லை. ஒப்பிட ஒரு பழைய எண் கையில் இருந்ததால்தான் அதை வீழ்ச்சி என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்துதான் காரணம் என்று 2004-ல் தெரிந்தது. 2006-ல் இந்தியா அதன் கால்நடைப் பயன்பாட்டைத் தடை செய்தது. அதற்குள் 99 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அன்றைக்கு இன்னும் பத்து ஊர்களில் பத்துப் பேர் எண்ணியிருந்தால் எச்சரிக்கை முன்னாலேயே வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

சரி, எப்படிச் செய்வது? மொட்டைமாடி போதும். பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நில்லுங்கள். பார்த்தது, குரல் கேட்டது எல்லாம் எண்ணிக்கையோடு எழுதுங்கள். எண்ண முடியாத கூட்டம் என்றால் உத்தேசமாக ஒரு எண். பெயர் தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். "ஏதோ ஒரு வாலாட்டி" என்று போடவும் அதில் இடம் இருக்கிறது. கூடு இருக்கும் இடத்தை மட்டும் ஊருக்கே சொல்லாதீர்கள்.

தப்பு வரும், பரவாயில்லை. ஒரு ஜூன் மாதம் நான் 'தகைவிலான்' என்று போட்டேன். அது குளிர்காலத்தில் இங்கே வருகிற பறவை. ஜூனில் எப்படி என்று பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டிருந்தார். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் நாட்டு உழவாரன்! கூச்சமாகத்தான் இருந்தது. திருத்தினேன்.

குறை இல்லாத முறை இல்லை இது. பட்டியல்கள் நகரத்தைச் சுற்றியும் பிரபலமான ஏரிகளிலும்தான் குவிகின்றன. கரிசல் காட்டில் யார் போய் நிற்கிறார்கள்? கேரளாவில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். 2015 முதல் 2020 வரை மாநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, தேர்ந்தெடுத்த கட்டத்தில் சுவாரசியமான பறவை இருக்கோ இல்லையோ, போய் எண்ணினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள். அந்த அளவு உழைப்பு எல்லாராலும் முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இதில் கொஞ்சம் உதவுகிறது. லீவுக்குச் சொந்த ஊர் போகிறவர்கள் அங்கேயே, வயல் வரப்பிலேயே பட்டியல் போடலாமே.

பழைய நோட்டையும் ஏற்றிவிட்டேன். தேதியும் இடமும் இருந்தால் பழைய குறிப்புகளையும் இபேர்ட் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு நாளுக்கும் அதே கேள்வி வந்தது: எல்லாவற்றையும் எழுதினீர்களா? ஏழு வருடத்துக்கும் "இல்லை" என்றே அழுத்தினேன்.

இன்று காலை அதே சாலையில் 6.40 முதல் 6.55 வரை: காக்கை 19, மைனா 8, தவிட்டுக்குருவி 6, புள்ளிப்புறா 2, கரிச்சான் 3, மடையான் 1, செண்பகம் 1, குரல் மட்டும். முழுப் பட்டியலா? ஆம். பனங்காடை இல்லை.