மனைவியின் சமையல் குறிப்புக்காகத் தொடங்கிய மென்பொருள்... அமேசானுடன் மோதியது ஏன்?

லண்டனில் சமையற்கலை படிக்கப் போன மனைவிக்கு, சமையல் குறிப்புகளைச் சட்டெனத் தேடித்தர ஒரு மென்பொருள் எழுத உட்கார்ந்தார் ஷே பனான். இஸ்ரேலைச் சேர்ந்த புரோகிராமர். அப்போது கையில் வேலை இல்லை. அந்த முயற்சி வளர்ந்து, 2010-ல் 'எலாஸ்டிக்சர்ச்' ஆக வெளிவந்தது. லட்சக்கணக்கான பதிவுகளிலிருந்து கேட்டதை நொடியில் எடுத்துத் தரும் மென்பொருள் அது. (மனைவி கேட்டது மட்டும் இன்னும் வரவில்லையாம்!)

அதை 'அப்பாச்சி 2.0' என்ற உரிமத்தில் வெளியிட்டார் பனான். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்றுக் காசும் பார்க்கலாம். எழுதியவருக்குப் பைசா தர வேண்டாம். பெயரை மட்டும் சொந்தம் கொண்டாடக் கூடாது.

2015-ல் அமேசான் வந்தது. அதே மென்பொருளைத் தன் கம்ப்யூட்டர்களில் ஓடவிட்டு, கட்டணச் சேவையாக விற்றது. உரிமப்படி அதில் தப்பே இல்லை. ஆனால், உழைப்பு ஒருவருடையது, கல்லா இன்னொருவருடையது என்றால் வயிறு எரியாதா? பெயரைப் பயன்படுத்தியதற்காக 2019-ல் வழக்குப் போட்டது பனானின் 'எலாஸ்டிக்' நிறுவனம். 2021-ல் உரிமத்தையே மாற்றியது. மென்பொருளைச் சேவையாக விற்பவர்கள், அந்தச் சேவையை நடத்தும் தங்கள் மற்ற மென்பொருள்களின் நிரலையும் திறந்து காட்ட வேண்டும் என்பது புது நிபந்தனை. அமேசான் அதற்கு மசியவில்லை. பழைய உரிமத்தில் இருந்த கடைசிப் பதிப்பை எடுத்து, 'ஓப்பன்சர்ச்' என்று தனிக்குடித்தனம் போய்விட்டது.

எலாஸ்டிக் பக்கம் முழு நியாயமும் இருக்கிறதா என்றால், இல்லை. எலாஸ்டிக்சர்ச்சே 'லூசீன்' என்ற இலவச மென்பொருளின் மேல் கட்டப்பட்டதுதான். வெளியாட்கள் பலரும் சம்பளம் வாங்காமல் அதற்கு நிரல் எழுதித் தந்திருக்கிறார்கள். 'இது எல்லோருக்கும் பொது' என்று நம்பித் தந்தவர்களுக்கு, நடுவில் விதியை மாற்றியது கசக்கத்தானே செய்யும்? எலாஸ்டிக் அப்படியொன்றும் நலிந்த நிறுவனமும் அல்ல. 2018-லேயே நியூயார்க் பங்குச் சந்தைக்குள் நுழைந்துவிட்டது.

பெயர் வழக்கு 2022-ல் சமரசமானது. 2024 ஆகஸ்டில் எலாஸ்டிக் இறங்கி வந்தது. 'ஏஜிபிஎல்' என்ற திறந்த உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. மென்பொருளை மாற்றி இணையச் சேவையாகத் தருபவர், அந்த மாற்றங்களைப் பயனாளர்களுக்குத் தர வேண்டும். மற்ற மென்பொருள்களைத் திறந்து காட்டத் தேவையில்லை. முதலிலேயே இதைத் தேர்ந்தெடுத்திருந்தால் இத்தனை மனக்கசப்பு வந்திருக்காது.

அடுத்த மாதமே ஓப்பன்சர்ச்சை லினக்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்தது அமேசான். இப்போது இரண்டும் தனித்தனியே வளர்கின்றன. எதை எடுப்பது என்ற குழப்பம் மட்டும் பயன்படுத்துபவர்கள் தலையில்!