எழுபது வயது ஆசானைத் தள்ளப்போனால் நாம் விழுவது ஏன்?

மதுரைப் பக்கத்துச் சிலம்பக் கூடங்களில் நரைத்த ஆசான்கள் இளவட்டங்களைத் தடுமாற வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேரளத்தின் வடகராவில் களரி ஆசான் மீனாட்சி அம்மா எழுபதைத் தாண்டியும் வாள் சுழற்றினார். 2017-இல் பத்மஸ்ரீ பெற்றார். சீனத் தற்காப்புக் கலையான தாய் சியின் ஆசான் சும்மா தொட்டதுபோல் இருக்கும், வாலிபர் சரிந்துவிடுவார். வயதானால் தசை வலு குறையுமே, பிறகு எப்படி?

மதுரை பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து அலங்காநல்லூர் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டரைக் கவனியுங்கள். கம்பியைப் பிடிக்காமலே டிக்கெட் கொடுக்கிறார். முழங்கால் இளகியிருக்கிறது. பிரேக் விழத் தொடங்கியதுமே பாதம் உணர்ந்து எடையை மாற்றிக்கொள்கிறது. விறைத்து நிற்கும் நாம்தான் முன்னால் நிற்பவர்மேல் போய் மோதுகிறோம்.

ஆசானும் அப்படித்தான். தாய் சி பயிற்சியில் இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நிற்பார்கள். நீங்கள் தள்ள நினைத்ததும் பின்காலை ஊன்றுவீர்கள், தோள் இறுகும். அந்தச் சின்ன இறுக்கம் தொடுகை வழியே ஆசானுக்கு எட்டிவிடும். அவர் கை தளர்ந்திருப்பதால்தான் எட்டுகிறது. முறுக்கிய கைக்கு அந்த நுட்பம் வராது.

அவர் எதிர்ப்பதில்லை. இடுப்பை லேசாகத் திருப்பி வழிவிடுகிறார். தாங்க எதுவும் இல்லாததால் உங்கள் எடை பாதங்களைத் தாண்டி முன்னே போகிறது. இப்போது விரல் அழுத்தமே போதும். உங்களை விழவைப்பது உங்கள் வேகம்தான்!

இதில் மாயசக்தி எதுவுமில்லை, ஆண்டுக்கணக்கான பழக்கம். தாய் சி பழகும் முதியவர்கள் தவறி விழுவது குறைகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. இடுப்பெலும்பு முறியும் வயதில் அது பெரிய விஷயம்.