பேட்டரி மாற்றியதும் எரியும் மஞ்சள் விளக்கு

காருக்குப் புது பேட்டரி போட்டாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று. வண்டியைக் கிளப்பினால் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் நிற்கிறது. "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்பார் ஒரு மெக்கானிக். "ஈசிஎம்மே அடி வாங்கிருச்சு" என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இருவருமே வண்டியில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்திருக்க மாட்டார்கள். பர்ஸைக் காலி செய்வது அந்த விளக்கல்ல, இந்த ஊகம்தான்.

சாவியை ஆன் செய்ததும் எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட்டால் அது வண்டியின் வழக்கமான சோதனை, கோளாறு அல்ல. ஓடும்போதும் மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தால், வண்டி ஒழுங்காக இழுக்கும்வரை நிதானமாக ஓட்டி ஒர்க் ஷாப் போகலாம். அதே விளக்கு கண் சிமிட்டினால் கதை வேறு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், விலை உயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, சீக்கிரமே ஓரம் கட்டுங்கள். ஆயில் சின்னமோ வெப்பநிலைச் சின்னமோ சிவப்பாக எரிந்தால் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

பேட்டரியை மாற்றியதற்கும் இன்ஜின் விளக்குக்கும் என்ன தொடர்பு? பழைய பேட்டரி உயிரை விடும் நாட்களில், செல்ஃப் எடுக்கும்போதெல்லாம் மின்னழுத்தம் சரிந்திருக்கும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம் அதைக் கோளாறாகக் குறித்து வைத்திருக்கும். பி0562 என்ற குறியீடு வந்தால் 'மின்னழுத்தம் குறைவு' என்று அர்த்தம். அது பழைய பேட்டரியின் புகாராகவும் இருக்கலாம். ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்து, திரும்பவும் வருகிறதா என்று கவனித்தால் போதும். பேட்டரியைக் கழற்றும்போது ஐட்லிங், எரிபொருள் கலவை பற்றிக் கணினி கற்று வைத்திருந்த கணக்குகளும் பல வண்டிகளில் அழிந்துபோகும். சில நாட்கள் ஐட்லிங் தடுமாறிவிட்டுத் தானே சீராகிவிடும். ஸ்டீயரிங் விளக்கோ சறுக்கல் தடுப்பு விளக்கோ கூடவே எரிந்தால், வண்டியை நிறுத்தி வைத்து ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒரு முறை திருப்பிப் பாருங்கள். பல கார்களில் அதோடு அணைந்துவிடும்.

நான் முதலில் சந்தேகப்படுவது இவை எதையும் அல்ல, டெர்மினலைத்தான். கையால் அசைத்தால் கிளாம்ப் நகரக் கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். அவசரத்தில் எர்த் வயரைச் சரியாக முடுக்காமல் விட்டிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். நீங்கள் வைத்திருப்பது கேரவன் வண்டி என்றால், அதில் இன்ஜினுக்கு ஒரு பேட்டரி, உள்ளே விளக்குக்கும் மின்விசிறிக்கும் வேறு பேட்டரி என்பதால், வயர் இடம் மாறவும் ஒன்று விட்டுப்போகவும் வாய்ப்பு அதிகம். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. சில மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.7 வரை இருக்கும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் சார்ஜிங்கைக் கணினியே கூட்டிக் குறைக்கும் என்பதால் ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம்.

சிக்னலில் தானே அணைந்து கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிகளுக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரி தேவை. விலை குறைவு என்று சாதாரண பேட்டரியைத் தலையில் கட்டினால், அந்த வசதி முடங்கும், பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடும். எந்த வகை என்று வண்டியின் கையேட்டிலேயே இருக்கும்.

விளக்கை அணைக்க டெர்மினலைக் கழற்றி மாட்டும் பழக்கம் ஒன்று நம்மூரில் உண்டு. விளக்கு அணையும், கோளாறு போகாது. எந்த நிலையில் கோளாறு வந்தது என்று கணினி எழுதி வைத்த பதிவும் அழிந்துபோகும். வீட்டிலேயே பேட்டரியைக் கழற்றுபவர்கள் நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவையும் நெகட்டிவையும் இடம் மாற்றி மாட்டினால் ஃபியூஸ் மட்டுமல்ல, ஆல்டர்னேட்டரும் கணினியும்கூடப் போகலாம். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. ஆசிட் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி உங்கள் உரிமை. பிஎஸ்-6 கார்களிலும் அதற்கு முந்தைய பல கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் செருகும் 16 பின் சாக்கெட் இருக்கிறது. குறியீட்டு எண்ணை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எண் எழுதாமல் எந்த சென்சாரையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். "வெளியே பேட்டரி போட்டீங்க, வண்டி வாரண்டியே போச்சு" என்று மிரட்டினால் கலங்க வேண்டாம். உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக் கதை. மறுப்பவரிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. எனவே பில்லில் பேட்டரியின் வரிசை எண்ணும், வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பழைய பேட்டரியில் ஈயம் இருப்பதால் அதற்கு விலை உண்டு. கடையில் கொடுத்துத் தள்ளுபடி வாங்குங்கள், குப்பையில் போடாதீர்கள். பயன்படுத்திய பேட்டரியைத் தனியாகப் பிரித்து, சேகரிப்பவரிடமோ மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைக்கும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் நுகர்வோர் மேலேயே வைத்திருக்கின்றன.

கடைக்காரர் காது கொடுக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீரவில்லையா, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கு முடியும்வரை அந்தப் பழுதான பேட்டரியை மட்டும் எக்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்துச் சாட்சி அதுதான்.