தொடும் முன் ஏன் கை தேய்க்கிறார்கள்?

குறைமாதக் குழந்தையைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் நர்ஸ் ஆல்கஹால் திரவத்தைக் கையில் தேய்க்கிறார். கை பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன்?

தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகப் பெருமளவில் வந்து சேர்வது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். அவசரப்பட்டுப் பிறந்த குழந்தைக்கு அந்தச் சீதனம் முழுதாகக் கிடைப்பதில்லை. தோலும் முதிர்ந்திருக்காது. போதாததற்கு ரத்தநாளத்தில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். பெரியவர் கையில் சும்மா கிடக்கும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, இங்கே ரத்தத்தில் புகுந்து உயிருக்கே உலை வைக்கலாம்.

ஆல்கஹால் கிருமியின் சவ்வைச் சிதைத்து, புரதத்தைக் குலைக்கிறது. புரதம் குலையத் தண்ணீரும் வேண்டும். அதனால் தூய ஆல்கஹாலைவிட 60 முதல் 80 சதவீதக் கரைசலே மேல். 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். அவசரத்தில் உள்ளங்கையோடு நிறுத்திவிடுகிறார்கள். விடுபடுவது கட்டைவிரலும் விரல்நுனியும். மோதிரத்தின் அடியிலும் கிருமி தங்கும். ரத்தம், மலம் பட்டிருந்தால் சோப்பும் தண்ணீரும்தான்.

கையுறை போதாதா? போதாது. கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கலாம்; கழற்றும்போதும் கிருமி ஒட்டும்.

கை சுத்தம் செய்ய வேண்டியவை என உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில் அதிகம் மறக்கப்படுவது கடைசிதான் என்பது என் எண்ணம்: குழந்தையைத் தொடாமல், பக்கத்திலுள்ள மானிட்டரை மட்டும் தொட்டிருந்தாலும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும்.